மூன்று நாற்காலி, ஒன்பது மணி நேரம்

அலமாரிக் கதவில் அளவு டேப்பின் முனையை வைத்து அழுத்தச் சொல்கிறார் அப்பா. மறுமுனை நாற்காலியின் முதுகில். விமானத்தில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே எழுபத்தொன்பது சென்டிமீட்டர் என்று கம்பெனிக்கே ஃபோன் போட்டுக் கேட்டு வைத்திருக்கிறார். எங்கள் நாற்காலி எண்பதில் நிற்கிறது.

"ஒரு சென்டிதானேப்பா."

"ஒரு சென்டிதானேன்னு எவனோ விட்டதாலதான் ஊருல பாதிப் பேருக்குக் கதவுல விரல் நசுங்குது."

நாற்காலியை நகர்த்தினோம்.

அப்பா முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அதில் கடைசிப் பதினாறு வருடம் சோதனைப் பிரிவு. புது லிஃப்ட்டில் இரும்புக் கட்டிகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டுவார். பழுதுகளுக்கு எண் போட்டு நோட்டில் எழுதுவார். தீர்ந்த பழுதுக்கு எதிரே ஒரு டிக். எல்லா டிக்கும் விழுந்த பிறகே அடியில் கையெழுத்து. ஒருமுறை பன்னிரண்டு மாடி ஹோட்டல் ஒன்றின் திறப்பு விழா. ரிப்பன் கட்டியாகிவிட்டது. ஆறாவது மாடியில் மணி அடிக்கவில்லை என்ற ஒரே ஒரு பழுது மிச்சம். அப்பா கையெழுத்துப் போடவில்லை. சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு மாடியும் படியேறினார். "மூச்சு வாங்கிச்சு. ஆனா பத்திரமா போய்ச் சேர்ந்தாரு" என்பார் அப்பா, இன்றைக்கும் வருத்தமில்லாமல்.

இப்படிப்பட்டவரிடம்தான் அம்மா வெளிநாட்டுச் சுற்றுலா கேட்டாள். ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் பனிமலை இருந்தது. மலையடியில் ஏரி, ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு. "அந்த பெஞ்சுல உக்காந்து சும்மா இருக்கணும்ங்க. வேற ஒண்ணும் வேணாம்." அப்பா ஓய்வு பெற்ற மறுநாளே வேலையில் இறங்கினார். பன்னிரண்டு நாளுக்குப் பதினேழு பக்க அட்டவணை. ஏழாம் நாள், ஏரிக்கரை: "10.40 – 11.10: ரசித்தல்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "பதினொண்ணு பதினொண்ணுக்கு ரசிச்சா புடிச்சு உள்ள போட்டுருவாங்களா?"

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு மலை ரயிலு."

"கேபிள்ல இழுக்குறதுதானே? சாய்ஞ்ச லிஃப்ட்டுன்னு சொல்லுங்களேன். இங்க பாத்தது போதாதுன்னு அங்கயும் போயி பாக்கணுமா?"

அப்பா மறுக்கவில்லை.

"ஓட்டிப் பாக்காம எதையும் சர்வீஸ்ல விடக் கூடாது" என்பது அவர் கொள்கை. பெட்டிகளில் இரும்புக் கட்டி நிரப்பி நான்கு மாடி ஏறி இறங்கினார். விமான நிலையத்தில் நடக்க வேண்டிய தூரத்துக்கு அம்மாவை மொட்டை மாடியில் முப்பத்தொரு சுற்று நடக்க வைத்தார். பிறகு விமானம். கூடத்தில் மூன்று நாற்காலிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்து பார்ப்பது. ஜன்னலோரம் அம்மா. நடுவில் அப்பா. நடைபாதை ஓரத்துக்கு யாரென்றே தெரியாத பயணி ஒருவர் தேவைப்பட்டார். அப்படி ஒருவர் கிடைக்காததால் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். ஒன்பதரைக்கே அவர் அப்பாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். அப்பா நோட்டில் எழுதினார்: "மூன்றாவது பயணி – இயல்பாக உள்ளார்."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. "ஏங்க, கடலைத் தாண்டிட்டோம் போல இருக்கு" என்றாள் அம்மா.

முதல் ஒத்திகையில் ஆறு பழுது. ஐந்து உடனே சரியாயின. ஆறாவது இது: "நான்காம் மணி நேரம் ஜன்னல் பயணி பாத்ரூம் செல்ல, வரிசையே எழ வேண்டியுள்ளது." அம்மா காலையில் போடும் பிரஷர் மாத்திரையின் வேலை. அம்மாவை ஓரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது என்றார் அப்பா.

"அவ்வளவு தூரம் பறந்து போயி கக்கூஸ் கதவையா பாத்துட்டு வரணும்? எனக்கு ஜன்னல்தான்."

இரண்டாவது ஒத்திகைக்கு மாற்று ஏற்பாடு. பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கைக்கடிகாரத்தில் அலாரம், தபால்காரரை முன்கூட்டியே எழுப்புவதற்கு. "நான் பாத்ரூம் போறதுக்கு மணி அடிச்சு ஊரைக் கூட்டுறீங்களா?" என்று அம்மா சிரித்துக்கொண்டே எழுந்தாள். அலாரம் அடித்தும் தபால்காரர் எழவில்லை. டிக் விழவில்லை.

"இதுக்கு ஒரு வழி பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க. நான் படியேறிப் போயிக்கறேன்."

பயணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தபோது அம்மா இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. காலை ஒன்பது பத்து. அதற்கு ஒத்திகை எதுவும் நடந்திருக்கவில்லை.

அவளுடைய டிக்கெட்டை நான் ரத்து செய்தேன். படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். மரணம், "இதர காரணங்கள்" என்பதன் கீழே இருந்தது. அப்பாவின் டிக்கெட்டை ஒரே ஒருமுறை தள்ளிப்போடலாம் என்றார்கள் பயண அலுவலகத்தில். தள்ளிப்போட்டேன். அந்தத் தேதி வரும் புதன்கிழமை. வருகிறாரா இல்லையா என்று இன்று மதியம் இரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

சித்தி நேற்று ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "எங்கக்கா போயி மூணு மாசம் முழுசா முடியலை. அதுக்குள்ள ஊர் சுத்தப் போறாரா உங்கப்பா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அப்பாவிடம் சொன்னேன். "நாலு பேரா? பதினாறு பேரு ஏறுற லிஃப்ட்டையே பாத்தவன் நான்" என்றார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.

நான் பாலங்களின் அதிர்வை அளக்கும் பொறியாளர். அளவை மட்டும் சொல்கிறேன். அம்மா போன நாளிலிருந்து அப்பா இந்த நான்காவது மாடியை விட்டுக் கீழே இறங்கியது ஒரே தடவை, அவளோடு. கட்டடத்து லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. புதன்கிழமை அவர் இறங்காவிட்டால் பிறகு இறங்குவார் என்று சொல்ல என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.

இன்று காலை ஆறரைக்கு டேப்பை எடுத்தார். மூன்றாவது ஒத்திகை.

"ரெண்டு மணிக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும்பா. இது முடிய அஞ்சாயிடும்."

"முடிஞ்சு கையெழுத்துப் போடாம எப்படிச் சொல்றது?"

தபால்காரரைக் கூப்பிடவில்லை. ஓரத்தில் என்னை உட்காரச் சொன்னார். ஜன்னல் நாற்காலி காலி. "அங்க உக்காருங்களேம்பா. காலை நீட்டிக்கலாம்" என்றேன்.

"என் சீட்டு நடு சீட்டு."

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பத்தே காலுக்குப் பயண அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. எடுக்கப் போனேன். "பறக்கும்போது ஃபோன் எடுக்கக் கூடாது" என்றார். அடித்து ஓய்ந்தது. பதினொன்றுக்கு மறுபடி அடித்தது. என் முழங்கால் அலமாரியில் இடித்தது. எழுபத்தொன்பது சென்டிமீட்டர் போதாதுதான். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. அதை நோட்டில் எழுதவில்லை.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கைக்கடிகாரம் அடித்தது. அந்த அலாரத்தை அவர் எடுக்கவே இல்லை போலிருக்கிறது. அணைத்தார். பிறகு இரண்டு விரலால் என் முழங்காலைத் தட்டினார்.

எழுந்து நகர்ந்து நின்றேன். அவரும் எழுந்தார். வயிற்றை எக்கி, கால்களை நாற்காலியோடு ஒட்டி, ஒரு ஆள் கடந்து போகும் அளவுக்கு வழி விட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நான்கு நிமிடம். அம்மாவுக்கு எப்போதும் நான்கு நிமிடம் ஆகும். மறுபடி வயிற்றை எக்கி வழி விட்டார். உட்கார்ந்தோம்.

நோட்டைத் திறந்தார். ஆறாவது பழுதுக்கு எதிரே நிதானமாக எழுதினார்: "நீடிக்கிறது."

இன்னும் ஐந்து மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. பேனாவை மூடவில்லை. பக்கத்தின் அடியில், இரண்டு ஒத்திகையாகக் காலியாகக் கிடந்த இடத்துக்குக் கையை நகர்த்தி, கையெழுத்துப் போட்டார்.