கேட்காமல் போன ஞாயிற்றுக்கிழமை

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் அப்போது எனக்கு வேலை. பதினெட்டு முடிந்த பெண்களுக்கு வெளியில் வேலையும் தங்க இடமும் பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்துவிடும். வீடுதான் கிடைக்காது. 'அப்பா அம்மா இல்லாத பொண்ணா?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். எனக்கு வரும் கோபத்துக்கு அந்தக் கதவையே பெயர்த்திருப்பேன்.

அப்படி அலைந்து ஒரு பெண்ணுக்குத் தஞ்சாவூரில் மாடி அறை பிடித்தேன். புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு டைப்படிக்கும் வேலை. வீட்டுக்கார அம்மாவின் பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். அவர்கள் பணத்தில் எழும்பிய வீட்டில் அந்த அம்மா மட்டும். "கொஞ்ச நாள் பாக்குறேன், ஒத்துவரலன்னா காலி பண்ணிடணும்" என்றார். அறை போனால் திருப்பூர் பனியன் கம்பெனி ஹாஸ்டல்தான். எங்கள் இல்லத்தைப் போலவே அங்கேயும் மணி, அங்கேயும் வரிசை. "எனக்குன்னு ஒரு கதவு வேணுங்கக்கா" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுங்க. குளிக்கலாமாங்குது, லைட்ட அணைக்கலாமாங்குது. மத்தியானம் கண்ணசந்தா, தண்ணி குடிக்கலாமான்னு மாடியிலேருந்து எறங்கி வந்து எழுப்புது. நான் என்ன ஹெட்மிஸ்ட்ரஸா?"

எங்கள் இல்லத்தில் அப்படித்தான். கேட்காமல் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. தஞ்சாவூருக்கு ஓடி, அந்த அம்மாவின் கையைக் காலைப் பிடித்து ஒரு மாதம் தவணை வாங்கிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

"இது உன் ரூம், உன் சாவி. இனிமே யாருகிட்டயாவது எதையாவது கேட்டேன்னா காலை ஒடிச்சுடுவேன்."

"சரிங்கக்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்ககூட வரலாமா?"

தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆனால் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்கிற பெண் அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி போன். காலையில் போனவள் திரும்பவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்கார அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்திருந்தார். என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். திருப்பூருக்கு யாரிடம் பேசுவது என்று மனசு அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தது.

இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். கையில் செருப்பு, முழங்கால் வரை சேறு. கடல் பார்க்க அதிராம்பட்டினம் போனாளாம். வழியில் பஸ் நின்றுவிட்டதாம்.

"கடலப் பாத்தியா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அலையே இல்லக்கா. ஒரே சேறு. நம்ம ஊர் நடவு வயலாட்டம் இருக்கு. இதுக்கு அவ்ளோ தூரம் போகவேண்டாம்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. வீட்டுக்கார அம்மாவுக்கு முட்டவில்லை.

"மத்தியானத்துலேருந்து சோறு எறங்கல எனக்கு. தெருவுல ஒரு வீடு விடாம கேட்டுட்டு வந்துட்டேன். போனா போன எடம், வந்தா வந்த எடமா? நாளையிலேருந்து எங்க போனாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ. இப்ப காலக் கழுவிட்டு சாப்பிட வா."

நாளையிலேருந்து என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் உள்ளே போனதும் இவளைத் திட்டத் திரும்பினேன். குழாயடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கின திட்டுக்கு என்னடி இளிப்பு?"

"இல்லக்கா, இல்லத்துல எண்ணிக்கை குறைஞ்சாதான் தேடுவாங்க. இவங்க என்னையத் தேடியிருக்காங்க."