கன்னத்தில் வைத்த கை

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யாராவது இருப்பதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அப்படி இருக்க அம்மா ஒருவரையும் விட்டதில்லை. சோதனையில் கோட்டை விட்டுவிட்டு நான் மூலையில் குந்தியிருந்தால், போகிற போக்கில் கையைத் தட்டிவிட்டு, "என்னடி, கப்பல் கவிண்டு போச்சோ?" என்பார். யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். ஒரு வள்ளம்கூட இல்லாத வீடுகளிலும் நாளுக்கு நாலு கப்பல் கவிழும்.

இப்போது லண்டனில் நான் செய்வது கெயரர் வேலை. வயதானவர்களின் வீட்டுக்கே போய் அவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணியும் மருந்துக் குளிசையும் கொடுத்துவிட்டு வருவேன். டூட்டிங்கிலிருந்து பஸ் ஏறி நோர்பரிக்குப் போய் நான் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார மனுசி தொண்ணூறைத் தாண்டியவர். ஞாபகம் வரும், போகும். யன்னலோரக் கதிரையில் எந்நேரமும் ஒரு கை கன்னத்தில், கண் தெருவில்.

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் கை சும்மா கிடக்கவில்லை. ஒரு காலையில் அவருடைய கையை எடுத்து மடியில் வைத்து, "என்னணை, கப்பல் கவிண்டு போச்சோ?" என்று தமிழில் கேட்டே விட்டேன். அவர் விழித்தார். எங்கள் ஊரில் இப்படி இருப்பவர்களிடம் கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்று பகிடியாகக் கேட்பது வழக்கம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துவிட்டு, "இல்லை. இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய மகன் வந்தபோது குசினியில் வைத்து விசாரித்தேன். மகனுக்கே அறுபது கடந்துவிட்டது, ஓய்வுபெற்ற வாத்தியார். கப்பல் உண்மையான கப்பல்தான் என்றார். அவருடைய அம்மா எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, இரண்டாம் உலக யுத்தத்தில், அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினாராம். அது பணக்காரர்கள் உல்லாசப் பயணம் போவதற்கென்று கட்டிய கப்பல். யுத்தம் வந்ததும் அதற்குச் சாம்பல் நிறம் பூசி, நடன மண்டபத்தில் தொங்குபடுக்கைகள் கட்டி, ஆயிரக்கணக்கான சிப்பாய்களை அடைத்து அனுப்பினார்கள். சமாதான காலத்தில் அந்தக் கப்பலில் ஏற அவர்களுடைய தெருவில் ஒருவருக்கும் வக்கிருந்திருக்காது. குழாய் திருத்தும் வேலை பழகிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு யுத்தம்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது.

வழியில் ஒரு துறைமுகத்திலிருந்து அவர் தங்கச்சிக்கு எழுதினாராம், தனக்கு நீச்சல்குளத்தில் படுக்கை கிடைத்திருப்பதாகவும், ஆனால் இன்னும் நனையவில்லை என்றும். தண்ணீரை வடித்துவிட்டு குளத்துக்குள்ளும் கட்டில்களை அடுக்கியிருந்தார்கள். தங்கச்சி அதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

கப்பலைக் குண்டுபோட்டுத் தாழ்த்திய செய்தி வீட்டுக்கு வருமுன் தெருவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குசுகுசுப்பதைக் கேட்ட சிறுமி, அம்மாவிடம் ஓடிப்போய், கப்பல் கவிழ்ந்துவிட்டதாம், ஆனால் அண்ணாவுக்கு ஒன்றும் ஆகாது, அவர் நீச்சல்குளத்தில்தானே இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். தாய் கன்னத்தைப் பொத்தி ஓர் அறை அறைந்தாராம். அதற்கு முன்னும் பின்னும் அந்தத் தாய் பிள்ளையில் கை வைத்ததே இல்லையாம்.

இப்போது மூளை அந்த மனுசியை அந்த அறைக்கு முந்திய நாட்களில் கொண்டுபோய் இருத்திவிட்டது. அவருக்குக் கப்பல் இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவர் மகனிடம் கேட்டார், கப்பல் வந்துவிட்டதா என்று. அம்மா தன்னிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, தானும் சொல்லமாட்டேன் என்பது மகனின் கொள்கை. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளை அழுகிற அழுகை. சாப்பாடு முடிய எல்லாம் மறந்துபோய் மறுபடி கேட்டார். மகன் மறுபடி சொன்னார்.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது, அதனால் ஊரிலும் கெட்டபேர்தான். குசினிக்குள் மகனை மறித்து, செத்தவீடு என்றால் ஒருக்கால்தான் நடத்தலாம், ஒரே ஆளுக்கு நாள்தோறும் நடத்த ஏலாது என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கத்தினேன். வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் கழுவி வைத்த கோப்பையையே திரும்ப எடுத்துக் கழுவினார். பிறகு, அப்படியென்றால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டார்.

"இன்னும் தகவல் இல்லை என்று சொல்வேன்" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது. வராமல் என்ன, எத்தனை வருடம் சொல்லிப் பழகிய வாய்.

எனக்கொரு தம்பி. நான் லண்டன் வந்து சில வருடம் கழித்து, ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனை ஆபிரிக்கப் பக்கம் ஒரு நாட்டில் கொண்டுபோய் வைத்திருந்தான். அங்கிருந்து ஒரு நாள் போனில் கோல் எடுத்தான். "அக்கா, பெரிய கப்பலாம். படுக்கக் கட்டிலும் இருக்காம்" என்றான். சந்தோசத்தில் குரலில் அவ்வளவு புளுகம். அதுதான் கடைசி. அந்தப் பருவத்தில் ஒரு கப்பல் கடலில் தாழ்ந்தது என்று ஒருவர் சொன்னார். அது வேறு கப்பல் என்றான் ஏஜென்சிக்காரன். இத்தாலியில் அவனைப் போல ஒருவனைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார்.

அம்மா ஞாயிறுதோறும் ஊரிலிருந்து அதையே கேட்பார். "இன்னும் தகவல் இல்லையம்மா" என்பேன். ஒவ்வொரு மாதமும் அவனுடைய சைக்கிளுக்குக் காற்றடிப்பித்து வைத்தார். அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வோம் என்று வந்த சொந்தக்காரரைப் படலைக்கு வெளியே கலைத்தார். அப்படியே காத்திருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் குறைந்தவள் இல்லை. டூட்டிங் வீட்டில் அப்பா, அம்மா படங்கள் மாலையோடு சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தம்பியின் படம் ஹோலில், என் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களோடு. அவன் இல்லை என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மகன் சம்மதித்தார். அதன் பிறகு கேட்கும்போதெல்லாம், இன்னும் தகவல் இல்லை என்றே மனுசியிடம் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுத் தெருவைப் பார்ப்பார். அழுகை இல்லை. என் வீட்டுக்காரர் பின்னேரங்களில், "கப்பலம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்பார். சுகமாக இருக்கிறா என்பேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது, அம்மாவை அத்தனை வருடம் படலையைப் பார்க்கவைத்த அதே சொல்லைத்தான் இங்கேயும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று துக்கமாக இருக்கும்.

போன மாசி மாதம் ஒரு காலை, நோர்பரிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊரிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்தாள். அம்மாவின் திவசம் வருகிறது. கீரிமலைத் தீர்த்தத்தில் அவளுடைய மகன் எள்ளுத்தண்ணி விடும்போது இந்த முறை தம்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும் என்று ஐயர் சொல்கிறாராம். அவளுடைய சம்மதம் மட்டும் போதாது, மூத்தவள் நான்.

"அவன் எத்தினை வருசம் தண்ணியில்லாமல் அந்தரிக்கிறது, அக்கா? நீ ஓம் எண்டு மட்டும் சொல்லு."

பஸ் வந்துவிட்டது, பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன். பஸ் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.

கப்பலம்மாவுக்கு அன்று குளிக்க வார்த்ததும் தேத்தண்ணி கொடுத்ததும் எப்படியென்று எனக்கு நினைவில்லை. எல்லாம் முடித்துவிட்டு எதிர்க் கதிரையில் சற்று இருந்தேன். தம்பிக்கு நீச்சல் தெரியாது. அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கேணிக்குள் இறக்கிப் பழக்கலாம் என்று அப்பா கூப்பிட, நான்தான் சளி பிடிக்குமென்று தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

என் கன்னத்தில் எதுவோ பட்டது. பார்த்தால் அவர் கதிரையின் நுனிக்கு வந்து, எட்டி, என் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமான அந்தக் கையால் என் கையை மடியில் கொண்டுவந்து வைத்தார். நான் அவருக்குச் செய்தது போலவே.

"என்ன, கப்பல் கவிழ்ந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. "ஓமணை. கவிண்டு போச்சு. என்ர தம்பி அதுக்குள்ள இருந்தவன்."

சொல்லி முடித்ததும் அழுதேன். இத்தனை வருடத்தில் அழாத அழுகை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனுசிக்கு விளங்கிவிட்டது. என் கையை விடாமல் குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன்.

"சொல்லாதே" என்றார். மற்றக் கையால் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். "அடிப்பார்."

அம்மா இப்போது இல்லை என்று நான் சொல்லவில்லை. சரி, சொல்லமாட்டேன் என்றேன்.