உப்புப் பார்க்காத கறி

கிண்ணியா ஆஸ்பத்திரிக்குத் தாதியாக மாற்றலாகி வந்த நாளிலிருந்து எனக்கு எரிச்சல்தான். அப்போது அங்கே பாலம் இல்லை. திருகோணமலைக்குப் போவதென்றால் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்கவேண்டும். காற்றுக் கிளம்பினால் அதுவும் ஓடாது. யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அது தீவில் கொண்டுவந்து விட்டதுபோலத்தான் இருந்தது.

அதோடு சாப்பாட்டுத் தொல்லையும் சேர்ந்துகொண்டது. நான் அறை எடுத்திருந்த வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், நன்றாகச் சமைப்பவ. ரமழான் நோன்பு தொடங்கியதும் அவவின் கைப்பக்குவம் எங்கேயோ போய்விட்டது. ஒருநாள் கத்தரிக்காய்க் கறி உப்புக் கரிக்கும். மறுநாள் பருப்பில் உப்பே இராது.

ஒரு மத்தியானம் பசியோடு வந்து உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

“என்ன ராத்தா, இறக்க முதல் ஒருக்கா உப்புப் பார்க்க ஏலாதோ?”

குசினி வாசலில் நின்றவவின் உதடு காய்ந்திருந்தது.

“நோன்போட எப்பிடி மிஸ்ஸி நாக்குல வெக்கிற? புள்ளயளும் நோன்பு. பகல்ல அடுப்பு மூட்டுறது உங்களுக்கு மட்டுந்தான். கோவிக்காதீங்க.”

உப்புப் போத்தலை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

எங்கள் வீட்டிலும் அம்மா உப்புப் பார்க்காமல் சமைப்பா, சாமிக்குப் படைக்கிற நாட்களில். அந்தச் சோற்றை அப்பாகூட ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அந்த மிதவைப் பாதையின் மேல் இருந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்குக் கோப்பையை இழுத்துவைத்து, உப்புப் போத்தலைத் தொடாமலே, முழுவதையும் சாப்பிட்டேன்.