ஈயக் கழுத்து

ராஜபாளையத்தில் மில் மோட்டார் எரிந்துபோனால் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டத் தங்கச்சாமியைத்தான் தேடுவார்கள். தலைமுடி கனத்துச் செம்புக் கம்பியைக்கூடச் சிக்கில்லாமல் சுற்றுகிற கை அவனுக்கு. அந்தக் கை வாராவாரம் ஒரு ஆளைக் கொன்றுகொண்டிருந்தது என்று சொன்னால் எந்த மேஸ்திரியும் நம்பியிருக்க மாட்டார்.

செத்துக்கொண்டிருந்தவன் பெயர் மொக்கைச்சாமி. ஆள் உயிரோடுதான் இருந்தான். அதுதான் தங்கச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

எண்பத்தெட்டில் சொந்த ஊரான மகாராஜபுரத்தில் வயலுக்கு மடை திறக்கிற தகராறு. தங்கச்சாமியின் அண்ணன் சமுத்திரத்தை மொக்கைச்சாமி பின்னாலிருந்து வெட்டினான். ஒரே வெட்டு. தலை முன்கழுத்துத் தோலில் தொங்கியது. சேதி கேட்டு ஓடிப்போன தங்கச்சாமி கண்டது, வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்த தன் தாய் மாரியாத்தாளை. தலை தனியாகப் போய்விடாதபடி இரண்டு கையாலும் அதைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். போலீஸ்காரர் அதட்டியும் கையை எடுக்கவில்லை. அண்ணன் முகம் முழுக்கச் சேறு. கழுவிப் பார்க்கத் தங்கச்சாமிக்குத் தெம்பு வரவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஸ்டூடியோ வாசலிலேயே திரும்பிய மனுஷன் சமுத்திரம். ஆயுசு எப்படிக் குறைந்தது என்று பார்த்தீர்களா?

காரியம் முடிந்ததுமே ஊர் தங்கச்சாமியின் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பெற்றவளும் விடவில்லை.

"ஏலே, அவன் ஜாமீன்ல வந்து கடையில உக்காந்து டீ குடிக்கான். நீ கம்பி சுத்திக்கிட்டு இருக்கே?"

தங்கச்சாமி அரிவாள் வாங்கினான், தீட்டினான். அது பரணில் துருப்பிடித்தது. பயம்தான், வேறு ஒன்றுமில்லை. பயத்துக்கு அவன் கண்டுபிடித்த வழிதான் ஈயம்.

அவன் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காசிராஜன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அங்கே மணலைப் பரப்பி அதில் சண்டை சொல்லிக்கொடுப்பார்களாம். அதே மாதிரி மேசையில் மணல் கொட்டி, மில் கழிவுப் பஞ்சைப் புதராக வைத்து, தாயக்கட்டை உருட்டி ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் போர் நடத்தினார்கள். இரண்டு படைக்கும் பொம்மை ஆட்களைச் செய்தவன் தங்கச்சாமி. பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவான். கையும் காலும் செம்புக் கம்பி. தகரத்தை வெட்டி வேலும் அரிவாளும் பற்றவைப்பான். பிறகு பிரஷ்ஷில் இரண்டு மூன்று மயிரை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்து, எனாமல் பெயிண்ட் தொட்டுச் சட்டைப் பொத்தான் வரைக்கும் எழுதுவான். ஒவ்வொரு ஆளும் கட்டைவிரல் உயரம்.

விதி வைத்தவர் காசிராஜன்.

"செத்தவன் மேசைக்குத் திரும்பக் கூடாது தம்பி. பட்டாளத்துல எவன் திரும்பி வந்தான்?"

ஆகவே தாயத்தில் விழுந்தவனைக் கல்லில் கிடத்தி, எரிந்த காயிலை வெட்டி எடுக்கிற உளியைக் கழுத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. தலை தெறிக்கும். ஈயம் மறுபடி சட்டிக்குப் போகும்.

எதிரிப் படைத்தலைவனுக்கு மொக்கைச்சாமியின் முகத்தை எழுதியது எந்த வாரம் என்று தங்கச்சாமிக்கே நினைவில்லை. அந்தத் தலை தெறித்தபோது வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. அடுத்த வாரமும் அதே தலைவன், அதே சாவு. முகம் இன்னும் அச்சாக வரவேண்டுமே என்று அண்ணன் கொலை வழக்கில் ஒரு வாய்தா விடாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் போய் நின்றான். மகன் நோட்டம் பார்க்கிறான் என்று மாரியாத்தாளுக்கு உள்ளூரப் பெருமை.

மொக்கைச்சாமியின் ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"என்னலே பாக்கே? நாள் குறிக்கியோ?"

புளியமரத்தில் சாத்தி மிதித்தார்கள். விலாவில் ஒரு எலும்பு போயிற்று. மொக்கைச்சாமி குனிந்து, தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு நேரே காறித் துப்பினான். தன் வாய் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே தங்கச்சாமி கவனித்தது வேறு ஒன்றை. மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. அந்த வாரமே பொம்மைக்கும் பல் உடைந்தது. இடது புருவத்துத் தழும்பு, கிழிந்த காது மடல் எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் அவன்தான் வருவான்.

"எதிரிக்கு இம்புட்டு வேலை செய்யுதியே, உன் ஆளுக ஒருத்தனுக்கும் மூஞ்சியே இல்லையே" என்றார் காசிராஜன். தங்கச்சாமி சிரித்து மழுப்பினான்.

தொண்ணூற்றொன்றில் சாட்சிகள் வாக்கை மாற்றினார்கள். மொக்கைச்சாமி விடுதலையாகி மாலையோடு ஊருக்குள் வந்தான். அன்றைக்கே பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தாள் மாரியாத்தாள். அழவில்லை, திட்டவுமில்லை.

"உனக்கு அருவா தூக்கத் தெம்பில்ல. அது தெரிஞ்சுபோச்சு. உன் அண்ணனை வார்த்துக் குடு. வெட்டுப்பட்ட எடத்துல பீடம் போட்டுச் சாமியா நிறுத்துதேன். கண்ணு தெறந்தா அவன் பகையை அவனே தீத்துக்கிடுவான். ஆனா ஒண்ணு, மூஞ்சி எம்பிள்ளை மூஞ்சியா இருக்கணும். எனக்கும் கண்ணுல அவன் மூஞ்சி மங்கிக்கிட்டே வருது. வெள்ளிக்கெழமை வாரேன்."

இதையாவது செய்துவிட வேண்டும் என்று தங்கச்சாமிக்கு வெறி வந்தது. ஒரு சாண் உயரத்துக்கு வார்த்தான். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, தோளில் மண்வெட்டி, கெண்டைக்காலில் சேறு. அண்ணனே நடந்து வருகிற மாதிரி இருந்தது, கழுத்து வரைக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் முகத்தைத் தொட்டான். புருவம் எழுதினான். இடது புருவம் நடுவில் அறுந்து நின்றது. டர்ப்பன்டைன் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினான். காது மடல் கிழிந்தது. அண்ணன் சிரிப்பானே என்று வாயை எழுதினான். உடைந்த பல் சிரித்தது. கண்ணை இறுக்கி மூடி அண்ணனை நினைத்துப் பார்த்தான். சேறுதான் தெரிந்தது. சேற்றை விலக்கினால் உள்ளேயிருந்து மொக்கைச்சாமி பார்த்தான்.

தங்கச்சாமி பொம்மையைத் தூக்கினான். செத்தும் இவன் விடமாட்டானா? எத்தனை வாரம் கொன்றிருக்கிறேன்! கல்லில் கிடத்தினான், உளியை வைத்தான், சுத்தியலை ஓங்கி ஒரே போடு.

தலை உருண்டு வாசலுக்குப் போனது. கல்லில் கிடந்தது பச்சைக் கட்டம் போட்ட லுங்கியும் மண்வெட்டியும். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, யாரை வெட்டினோம் என்று.

வாசலில் மாரியாத்தாள் நின்றாள், கையில் மாலையும் வாழைப்பழமும். உருண்டு வந்ததை எடுத்தாள். அது யார் முகம் என்று அவள் பார்க்கவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, லுங்கி கட்டிய உடலை மடியில் போட்டு, தலையைக் கழுத்தில் வைத்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, விடு ஆத்தா" என்று தங்கச்சாமி அவள் காலடியில் விழுந்து கதறினான்.

அவள் விடவில்லை.