டகோட்டாவின் கறுப்புப் பூச்சு

மாடியில் கோபிநாத் கம்ப்ரசரைப் போட்டால் கீழ்வீட்டில் எங்கள் தண்ணீர்க் குடத்தின் மேல் கவிழ்த்திருக்கும் தட்டு நடுங்கும். கார்த்திகை மாதம் முழுவதும் அது நடுங்கியது. நடுக்கம் நின்ற சிறிது நேரத்தில் அவர் மனைவி துர்காதேவியின் குரல் ஜன்னல் வழியாக இறங்கி வரும்.

"மறுபடியுமா?"

அவர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்காது.

கோபிநாத்துக்கு நாற்பத்தெட்டு வயது. காரைக்குடி செக்காலையிலிருந்து தினமும் காலையில் பைக்கில் கானாடுகாத்தான் போவார். அங்கே ஹோட்டலாக மாறிய ஒரு செட்டிநாட்டு வீட்டில் பராமரிப்பு அவர் பொறுப்பு. ஒழுகும் ஓடு, ஓடாத ஏசி, வெள்ளைக்காரர் உடைத்த தாழ்ப்பாள், எல்லாம் அவரிடம் வரும். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு பழக்கம்தான். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானங்களை வாங்கி ஒட்டுவார். அலமாரி மேல் ஏழெட்டு நிற்கின்றன. தூரிகையால் வண்ணம் பூசியவை. கிட்டப் போனால் தூரிகைத் தடம் தெரியும். அவர் பெரிய கலைஞர் என்று சொல்ல மாட்டேன். ஒட்டியது பிரிந்துவராது, அவ்வளவுதான்.

அந்த அளவோடு நின்றிருந்தால் அவருக்குத் தொல்லை இருந்திருக்காது. ஹோட்டல் ஹாலில், முதலாளி ராமநாதனின் குடும்பப் போட்டோ ஒன்று தொங்குகிறது. அவருடைய அப்பா, அவர்கள் பேச்சில் அப்பச்சி, ரங்கூனிலிருந்து வந்து, டகோட்டா என்ற அந்தக் காலத்துப் பயணிகள் விமானத்தின் படிக்கட்டருகே கையில் குடையோடு நிற்கிறார். அந்தப் போட்டோவுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. பர்மா அரக்குச் சாமான்களும் வெள்ளிக் கூஜாவும் இருக்கும் பெட்டியில் நடுத்தட்டு மட்டும் காலி. ஒருநாள் பல்பு மாற்ற ஏணியில் நின்றிருந்த கோபிநாத்திடம் ராமநாதன் கேட்டார்.

"கோபி, நீங்க பிளேனெல்லாம் செய்வீகளாமே? இதைச் செய்ய முடியுமா?"

"டகோட்டா பெட்டி கிடைக்கும்ணே."

"செஞ்சு கொண்டாங்க. அப்பச்சி போட்டோவுக்குக் கீழ வச்சிருவோம். பொங்கலுக்குத் தம்பி குடும்பமெல்லாம் வாராக."

பல்பைத் திருகியபடி சரி என்றார் கோபிநாத். பதினாறு வருடங்களாக அந்த ஹாலைத் துடைத்துக் காத்தவருக்கு அதில் தன்னுடையதாக ஒரு பொருள் நிற்கும் என்பது அன்றுதான் தோன்றியது. இதை அவர் என்னிடம் சொன்னபோது வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த டகோட்டா வண்ணமடிக்காத விமானம். அலுமினியத் தகடு அப்படியே மின்னும். அதைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவரத் தூரிகை உதவாது. முதலில் கண்ணாடிபோலப் பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன்மேல் அலுமினிய வண்ணத்தை மெல்லிய படலமாகப் படியவிட வேண்டும். கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளியில் அது மலையாகத் தெரியும். ஆகவே ஏர்பிரஷ் வாங்கினார். வண்ணத்தைக் காற்றோடு தெளிக்கும் பேனா அளவுக் கருவி. உள்ளே நீள ஊசி, பின்னால் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாய்.

முதல் கறுப்புக்கு, கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் தின்னர் வாங்கிக் கலந்தார். வால்பகுதி இளகி, தகட்டுக் கோடுகள் மழுங்கின. வாலை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் கோடுகளை மீண்டும் கீறினார். அடுத்து, தண்ணீரில் கரையும் வண்ணத்தை ஆன்லைனில் வரவழைத்தார். காரைக்குடி வெயிலில் அது இறக்கையை எட்டும் முன்பே ஊசி முனையில் காய்ந்தது. அடிப்பார், அடைக்கும், கழற்றுவார், கழுவுவார், மாட்டுவார், அடைக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒன்று வாங்கிக் கலந்தார். முனை அடைப்பு குறைந்தது. மழை தொடங்கியது.

அப்போதுதான் குழிகள் வந்தன. கறுப்பு விழுந்து ஈரமாக மினுங்கும்போதே ஆங்காங்கே வண்ணம் விலகி, அம்மைத் தழும்புபோல வட்ட வட்டமாகப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். ஸ்பிரிட் ஊற்றித் துடைத்து எடுப்பார். மறு ஞாயிறு மீண்டும் அடிப்பார். மீண்டும் குழி. மழைக்காற்றின் ஈரம் என்று நினைத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி போட்டார். வண்ணத்தின் குறை என்று கம்பெனியை மாற்றினார். அழுத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். யூடியூபில் ஒருவர் ஏற்றச் சொன்னார், இன்னொருவர் இறக்கச் சொன்னார், இருவரின் விமானமும் பளபளத்தது.

நாம் குறையை விலை கொடுத்து வாங்கியதில்தான் தேடுகிறோம். சும்மா கிடைத்த எதன்மீதும் சந்தேகம் போவதில்லை.

இதற்கிடையில் அந்த அறைக்கும் கெடு வந்தது. ஜன்னல் பக்கம் கோபிநாத்தின் மேசை. சுவர்ப் பக்கம் துர்காதேவியின் தையல் மெஷின். தை முகூர்த்தத்துக்குத் தைக்க வந்த ரவிக்கைகள் கட்டில் வரை பரவிவிட்டன.

"பொங்கலோட இந்த மேசையக் காலி பண்ணிருங்க. இன்னொரு மெஷின் போடணும். அந்த வெளிச்சம் எனக்கு வேணும்."

"பிளேன் முடிஞ்சதும் எடுத்துர்றேன்."

"அது என்னைக்குப் பறந்து, நான் என்னைக்கு மெஷின் போட?"

மார்கழியில் ஒரு ஞாயிறு. நடுப்பகல். மேலே குரல் பெரிதாகக் கேட்டது. கம்ப்ரசர் ஓடவில்லை என்பதால் நான் கொஞ்சம் கவலைப்பட்டேன். நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் அதிகம் வேறுபடவில்லை.

வீரலட்சுமி என்ற டீச்சரின் பட்டு ரவிக்கை. தைத்து முடித்து, துர்காதேவி இஸ்திரி போட்டிருக்கிறார். பட்டின் மேல் நேரடியாகச் சூடு படக்கூடாது என்று, கோபிநாத் மேசையில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து மேலே விரித்துத் தேய்த்தார். எடுத்துப் பார்த்தால் இளம்பச்சைப் பட்டில் திட்டுத் திட்டாகக் கறை.

"என்ன துணிங்க இது? இங்குட்டு வாங்க! இதப் பாருங்க!"

"வெளுத்த துணிதானே. அழுக்கே இல்ல."

"அழுக்கா? மோந்து பாருங்க. சூடு பட்டதும் தாளிக்கிற வாசனையில்ல வருது!"

கோபிநாத் முகர்ந்தார். தேங்காய் எண்ணெய்.

ஹோட்டல் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால்தான் அது முகம் காட்டும். தேக்குத் தூணுக்கும் அதே வைத்தியம். துடைக்கும் துணி பழைய வேட்டி. பலமுறை வெளுத்து மெலிந்து, நூல் உதிராத மிருதுவோடு இருக்கும். தூசி துடைக்க இதைவிட நல்லது கிடையாது என்று, துவைத்து மடித்ததில் சிலவற்றைக் கோபிநாத் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு முறை கறுப்பு அடிக்கும் முன்பும் டகோட்டாவை மூக்கிலிருந்து வால் வரை அதனால்தான் துடைத்தார். மிகவும் கவனமாகத் துடைத்தார். துவைத்தால் வாசனை போகும், எண்ணெய் முழுதும் போகாது. எண்ணெய் இருந்த இடத்தில் வண்ணம் ஒட்டாது.

அவர் ரவிக்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அங்க என்ன பார்வை? கறை போகுமான்னு சொல்லுங்க."

"இது அதே மாதிரி இருக்கு."

"எது?"

"குழி."

துர்காதேவி கறையின் மேல் முகப்பவுடரைக் கொட்டினார். அது எண்ணெயை இழுக்கும். கோபிநாத் டகோட்டாவைக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுவந்து, பாத்திரம் விளக்கும் சோப்பால் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தேய்த்தார். பிறகு எதனாலும் துடைக்காமல் காயவிட்டார். மாலையில் எங்கள் தட்டு நடுங்கி நின்றது. மேலே போய்ப் பார்த்தேன். கறுப்பு குழியில்லாமல் படிந்திருந்தது. ஜன்னல் கம்பி அதில் வளைந்து தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். "ரெண்டு மாசம்," என்றார் அவர்.

மறுநாள் வேலைக்குப் போனபோது ராமநாதன் அவரைத் தேடிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி குடும்பம் முன்னதாகவே வந்துவிட்டது. வரும்போது உலோகத்தால் செய்த டகோட்டா ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். பீடத்தோடு, பெட்டியோடு.

"கோபி, இதைக் கொஞ்சம் நடுத்தட்டுல சாயாம வச்சுக் குடுங்க. ஒங்களுக்குத்தான் கை நிதானம்."

கோபிநாத் வைத்தார். ஒரு பக்கம் இறங்கியிருந்ததால் பீடத்துக்குக் கீழே தாள் மடித்துக் கொடுத்தார். கண்ணாடியைச் சாத்தி, கைரேகையைத் துடைத்தார்.

"ஒங்க பிளேனையும் கொண்டாங்க. ஆபீஸ் ரூம்ல பிரிண்டர் மேல எடம் இருக்கு."

"சரிண்ணே."

ராமநாதன் கெட்டவர் அல்ல. கேட்டதை அவர் மறக்கவுமில்லை, இரண்டு விமானத்துக்கும் இடம் ஒதுக்கியதாகவே நினைத்தார்.

அடுத்த ஞாயிறு பொங்கலுக்கு முந்தியது. மேசையைக் காலிசெய்ய வேண்டிய நாள். நான் மேலே போனபோது புது மெஷின் வாசலில் இறங்கியிருந்தது. கோபிநாத் அலுமினியம் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு இறக்கை முடிந்து மின்னியது. இன்னொன்றின் பாதியில் ஊசி அடைத்துக்கொண்டது. கழற்றிக் கழுவ உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"அந்தப் பெட்டியிலதான் வேற பிளேன் வச்சாச்சே, பெறகு எதுக்கு இந்தப் பாடு?" என்று நான் கேட்டேன்.

துர்காதேவி உள்ளிருந்து பதில் சொன்னார். "ஒத்த றெக்கையோட அதை எங்குட்டு வைக்கிறதாம்? முடிச்சிட்டே எந்திரிக்கட்டும். மெஷின் எங்கயும் ஓடிப்போயிராது."

சாயங்காலம் முடிந்தது. மழுங்கிய வால்பகுதி மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும். மேசை அன்றே கைமாறியது. டகோட்டா தூரிகை விமானங்களோடு அலமாரி மேல் ஏறியது. ஜன்னல் வெளிச்சம் அங்கே மாலையில் மட்டும் படும்.

தை பிறந்து, மாசியும் வந்துவிட்டது. பிரிண்டர் மேல் இடம் காலியாகவே இருக்கிறது. ராமநாதன் எதிர்ப்படும்போதெல்லாம் கேட்கிறாராம்.

"என்ன கோபி, ஒங்க பிளேன் என்னாச்சு?"

"பெயின்ட் இன்னும் காயலண்ணே," என்கிறார் கோபிநாத்.