பாவாத்தாளுக்குக் கேட்ட குருவி

கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்கு வந்த நாளிலிருந்து பாவாத்தாள் தறிக் குடோனில்தான் நிற்கிறாள். அந்தச் சத்தம் சும்மா விடுமா? காதில் பாதியைத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், பஸ் ஆரன் கேட்கும். குக்கர் விசில், செல்போன் மணி, சிட்டுக்குருவி எல்லாம் அவளைப் பொறுத்தவரை ஊமை. டாக்டர் சொன்னாரென்று காதில் மிஷின் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். தறிச் சத்தம்தான் இரண்டு மடங்காகக் கேட்டது. கழற்றி பீரோவில் போட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு குருவி பாடுவது கேட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுமே, அது. படித்தவர்கள் குண்டுகரிச்சான் என்பார்கள். பாவாத்தாளுக்கு அது கருப்புவெள்ளை. காலையில் தறி ஓடத் தொடங்குவதற்கு முன்னால் எதிர் வீட்டு டிஷ் மேல் உட்கார்ந்து கணீரென்று விசில் அடிக்கும். முதல் நாள் எவனோ தெருவில் சீட்டியடிக்கிறான் என்று திட்டுவதற்காகத்தான் வெளியே வந்தாள். குருவியென்று தெரிந்ததும் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுப் பின்சுவரில் மகன் மதன்குமார் மாட்டிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. சிட்டுக்குருவிக்கென்று யாரோ இலவசமாகக் கொடுத்தது. அணில் கடித்துக் கடித்து அதன் ஓட்டையை அகலமாக்கி வைத்திருந்தது. கருப்புவெள்ளை ஜோடி அதற்குள் குடிவந்தது, முட்டையிட்டது, குஞ்சும் பொரித்தது. இனி இதுகளும் பாடும், நமக்கும் கேட்கும் என்று பாவாத்தாள் கணக்குப் போட்டுக்கொண்டாள். அவள் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

வினை சிட்டுக்குருவி ரூபத்தில் வந்தது. மருமகள் பிரவீனா முழுகாமல் இருந்தாள். வாயில்லாச் சீவனுக்குத் தீனி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று அவள் அம்மா கிணத்துக்கடவிலிருந்து சொல்லியிருந்தார். அவளும் தினம் பின்வாசலில் அரிசி நொய் இறைத்தாள். தெருவில் இருந்த சிட்டெல்லாம் வந்து இறங்கியது. தின்றோமா போனோமா என்று இருந்ததா? அதில் ஒரு ஜோடி பெட்டியைப் பார்த்துவிட்டது. கருப்புவெள்ளை கொத்தி விரட்டத்தான் செய்தது. அது இரை தேடப் போகிற நேரமாகப் பார்த்துச் சிட்டு வைக்கோலோடு உள்ளே நுழைந்தது.

அதே தெருவில் இருக்கிற ரவிக்குமார், ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு சூலூர்க் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவன். பாவாத்தாள் அவனைக் கூட்டிவந்து காட்டினாள்.

"ஏனுங்க தம்பி, ஓட்டையச் சின்னதாக்கிப்போட்டா ஆகாதுங்களா?"

"பெருசு போற ஓட்டையில சிறுசு போகாதுங்களா அக்கா? நொய் போடறத நிறுத்துங்க. சிட்டு வைக்கோலத் திணிக்கத் திணிக்க எடுத்து எறிஞ்சுபோடுங்க. இல்லீன்னா குஞ்சுகளக் கொத்தியே கொன்னுபோடும்."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவனுக்கென்ன, அவன் வீட்டில் யாரும் முழுகாமல் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கூட்டைக் கலைப்பார்களா? அரணையைக்கூட அடிக்கமாட்டார்கள். மதன்குமார் முடிவெட்டாமல் தாடியும் அதுவுமாகச் சாமியார் மாதிரி திரிந்துகொண்டிருந்தான். போன வருஷம் பிரவீனாவுக்கு மூன்றாம் மாதமே கலைந்துபோனது. மருமகள் பாயைவிட்டு எழுந்திருக்காமல் கிடந்ததைப் பாவாத்தாள் மறக்கவில்லை. இரண்டு தடவை ஸ்டூலில் ஏறினாள். இரண்டு தடவையும் வைக்கோலைத் தொடாமலே இறங்கிவிட்டாள். நொய்யையாவது நிறுத்தச் சொல்லலாம் என்று போனாள். "தங்கறதுக்குத்தானுங்க அத்தை போடறேன்" என்று வயிற்றைத் தடவியபடி பிரவீனா சொன்னதும், "போடு கண்ணு" என்று திரும்பிவிட்டாள்.

கட்டுச்சோறு வரட்டும் என்று மனதுக்குள் ஒரு யோசனை வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பெண் வீட்டார் சோறு கட்டி வந்து மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போவார்கள். கார் தெருமுனை திரும்பியதும் சிட்டின் வைக்கோலைப் பிடுங்கி எறிந்துவிடலாம். குஞ்சுகளும் அதற்குள் இறகு வைத்துவிடும். அதுவரை காவல் இருந்தால் போதும்.

அந்த நாளும் வந்தது. வீடு நிறைய ஒறம்பரை, இரண்டு பக்கத்துச் சொந்தமும். பாவாத்தாள் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். நான் இருக்கும்போது எது வந்துவிடும் என்கிற தைரியம். சுவருக்கு முதுகைக் காட்டி, தலை குனிந்து, உரித்துக்கொண்டே இருந்தாள். பிரவீனா பட்டுச்சேலையோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

"அத்தை, அந்தக் குஞ்சுகளுக்கு என்னாச்சுங்க? அத்தன நேரம் கத்துச்சுங்களே. நீங்க அங்கயே உக்காந்திருக்கறீங்கன்னுதான் நான் வரலீங்க."

பாவாத்தாள் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால், சுவரோரம், தலையில் கொத்துப்பட்டு இரண்டு குஞ்சுகள் கிடந்தன. மேலே ஓட்டையில் சிட்டு வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. நல்ல நாளில் வயிற்றுப்பிள்ளைக்காரி அதைப் பார்க்கக்கூடாதே என்று வெங்காயத் தொலியை அள்ளி அவற்றின் மேல் போட்டாள்.

"ஒண்ணுமில்ல அம்மணி, உள்ள போ. அம்மா தேடுவாங்க."

வெங்காயம் உரித்த கண் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். தலைக்கு மேலேயே கத்திச் செத்திருக்கிறது, கேட்கவில்லையே என்று அவள் நெஞ்சு வெந்தது. சாயங்காலம் கார் தெருமுனை திரும்பியது. ஸ்டூலில் ஏறிப் பெட்டிக்குள் கைவிட்டாள். வைக்கோலைப் பிடித்தாள். பிரவீனா எங்கே போனாலும் வயிற்றுப் பிள்ளை இந்த வீட்டுடையதுதானே. விட்டுவிட்டாள்.

கருப்புவெள்ளை ஜோடி சில நாள் டிஷ் மேல் வந்து வந்து உட்கார்ந்தது, பாடவில்லை. பிறகு வருவதும் நின்றது. நொய்யை இப்போது பாவாத்தாளே போடுகிறாள். போன வாரம் கிணத்துக்கடவிலிருந்து பிரவீனா பேசினாள். மதன்குமார் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தான்.

"பெட்டியில சிட்டு இருக்குதுங்களா அத்தை?"

"இருக்குது கண்ணு. குஞ்சு பொரிச்சிருக்குது."

"நல்லதுங்க அத்தை. போனை அதுக்கிட்டக் கொண்டு போங்க, கேக்கறேன்."

பாவாத்தாள் எட்டி நின்று போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தாள். ஓட்டையில் சிட்டின் அலகு திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கேக்குதுங்க அத்தை" என்றாள் பிரவீனா.