அப்பாவுக்காக எழுத்துக்கூட்டியது

அப்பாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் நான் படிப்பதைச் சோதிக்கும் அதிகாரி அவர்தான். முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். சரக்கு வண்டிகளுக்குப் பெட்டி மாட்டும் வேலை அவருக்கு. மாலையில் குளித்துவிட்டுக் கோப்பியோடு உட்காருவார். நான் முதல் பாடப் புத்தகத்தை விரித்து, "ப, ட், ட, ம்... பட்டம்" என்று ராகம் போட்டு இழுப்பேன். அவர் தலையாட்டுவார்.

தம்பி பிறந்ததும் அந்தத் தலையாட்டலுக்கு மவுசு கூடிவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

"படிப்பு ஏறுனா போகட்டும். ஏறலன்னா பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்கூலு?" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் படிப்பு ஏறித் தொலைத்தது.

எங்கள் வாத்தியார் ராகத்துக்குப் பரம விரோதி. முதல் புத்தகத்தை முடித்தவர்களுக்குப் பழைய பத்திரிகைக் கதைகளை அட்டையில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வரியை அவர் படிப்பார், அதையே நாங்கள் திருப்பிப் படிப்போம். அடுத்த வரி எங்கள் பாடு. "கண்ணு முன்னால போவணும், வாய் பின்னால வரணும். வீட்டுல பேசுற மாதிரி படி" என்பார். தீபாவளிக்குள் எனக்கு அது வந்துவிட்டது. ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான், நடுவில் எங்கும் எழுத்துக்கூட்டவே இல்லை என்பது உறைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அட்டையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் அப்பாவிடம் கடகடவென்று படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"என்னா, கதை விடுறியா? எழுத்தே கூட்டல?"

"இதுல இருக்கறதத்தான்பா படிக்கிறேன்."

"பெட்டி மாட்டாம வண்டி போவுமா? வாய்க்கு வந்தத சொல்லிட்டு! நாளையிலருந்து வீட்டுலயே இரு."

ஆபீசில் கணக்கு எழுதும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணியாரிடம் அப்பா அட்டையைக் காட்டி, நான் படித்தது சரிதானா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது வெளியே வந்துவிடும். குவார்ட்டர்ஸ் முழுவதும் அறிந்த அந்த ரகசியத்தை அவர் அவ்வளவு பத்திரமாகக் காத்துவந்தார்.

மறுநாள் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் வாத்தியாரிடம் அழுதேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க பேசுற மாதிரி படி. அப்பாகிட்ட எழுத்துக்கூட்டியே படிச்சிக் காட்டு" என்று புது அட்டை ஒன்றைக் கொடுத்தார்.

அன்று மாலை, "ஒ, ரு... ஒரு" என்று நொண்டினேன். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் படிக்கிறா!" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்றானது.

தெரிந்ததைத் தெரியாததுபோல் படிப்பது லேசான வேலை இல்லை. வாய் முதல் வரியில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண் பக்கத்தின் அடிக்குப் போய்விடும். ஒருநாள் அப்படித்தான், கதையின் கடைசி வரியில் நாய்க்குட்டி செத்துக் கிடந்தது. என் வாயோ மேலே இன்னும் "நா, ய்" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

அப்பா கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா? பரவால்ல, மெதுவா படி. அப்பா இங்கதான் இருக்கேன்."